பழைய சைக்கிளின் முகப்பு பேட்ஜை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சைக்கிளில் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க் நுழைகிற குட்டைக் குழாயின் நெற்றியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். ராலேயில் நாரைத் தலை, பி.எஸ்.ஏ.வில் முக்காலி போல நிறுத்திய மூன்று துப்பாக்கிகள், ரட்ஜில் விரித்த கை. கடைக்காரர்கள் சிலர் இதை மோனோகிராம் என்பார்கள். நான் பேட்ஜ் என்றே எழுதுகிறேன். அப்பாவின் ராலேயை ஓவராயில் செய்தபோது அதன் பேட்ஜில்தான் கை வைக்கத் தொடங்கினேன். அப்புறம் நண்பர்கள், நண்பர்களின் மாமாக்கள் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்கள் கீழே.

பேட்ஜைப் பார்த்தே எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்ல முடியுமா?

கம்பெனியைச் சொல்லிவிடலாம். ஊரும் காலமும்தான் கொஞ்சம் சிக்கல். ராலே நாட்டிங்ஹாம் கம்பெனி. 1888இல் அதைக் கம்பெனியாக அமைத்த பிராங்க் பவுடனின் குடும்பச் சின்னத்திலிருந்து வந்ததுதான் அந்த நாரை. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் பர்மிங்ஹாம், ரட்ஜ் கவென்ட்ரி. ஆனால் ராலே ஒவ்வொன்றாக மற்றவர்களை வாங்கிக்கொண்டே வந்தது: 1932இல் ஹம்பர் சைக்கிள், 1943இல் ரட்ஜ், 1954இல் டிரையம்ஃப் சைக்கிள், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிள். 1960இல் ஹெர்குலிஸ், பிலிப்ஸ் பெயர்களை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு (சுருக்கமாக டிஐ) ராலேயே இணைந்துவிட்டது. அதனால் 1950களின் ஹம்பரும் ராலேயும் பேட்ஜில்தான் வேறு வேறு, பிறந்த வீடு ஒன்றுதான்.

நம் பக்கத்துக் கதை தனி. 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸிலிருந்து ஹெர்குலிஸ் வந்தது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில், ராலே சைக்கிள் செய்த சென்-ராலே கம்பெனி இருந்தது. ஆகவே ‘ஹெர்குலிஸ்’ என்று இருந்தாலே சீமைச் சைக்கிள் என்று துள்ள வேண்டாம். பேட்ஜின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரைப் படியுங்கள். பெரும்பாலும் அழுக்கு அடைந்து மறைந்திருப்பதும் அந்த வரிதான்.

வருடம் வேண்டுமென்றால் பேட்ஜை விடுங்கள். பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) இருந்தால் அதன் மேலேயே பெரும்பாலும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்களைக் குத்தியிருப்பார்கள். சக்கரம் நடுவில் மாற்றப்படாமல் இருந்தால் அது நம்பகமான சாட்சி.

என் பேட்ஜில் இருப்பது பெயின்ட்டா, கண்ணாடி எனாமலா?

பெரும்பாலும் பெயின்ட்தான். மெல்லிய பித்தளை அல்லது அலுமினியத் தகட்டை அச்சில் அழுத்தி, மேடு பள்ளம் உண்டாக்கி, பள்ளத்தில் நிறம் விட்டுச் சூளையில் சுட்டிருப்பார்கள். சுட்ட பெயின்ட் என்பதால் நாம் பிரஷ்ஷில் அடிக்கும் பெயின்ட்டை விட அது நல்ல கெட்டி. கண்ணாடி எனாமல் சைக்கிளில் அபூர்வம், கார் பேட்ஜ்களில்தான் அதிகம் பார்க்கலாம். அது உடைந்தால் சிப்பி உடைந்த மாதிரி வளைந்த பளபளப்பான குழி தெரியும், ஊசியால் கீறினாலும் கோடு விழாது. பெயின்ட் என்றால் செதிலாக உரியும், ஊசி முனை பதியும். ஓரத்தில், கண்ணில் படாத இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, அச்சடித்த ஒட்டுத்தாள். இதில் நிறம் நிரப்பப் பள்ளமே கிடையாது. கீழே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

போட்டோவிலிருந்து. நேராக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. எந்த எழுத்துக்குள் எந்த நிறம் என்பது வேலைக்கு நடுவில் மறந்துபோகும். எனக்கு மறந்திருக்கிறது.

அப்புறம் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு, குழந்தைகளின் பல் துலக்கும் பிரஷ். அவ்வளவுதான். நாற்பது வருட எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் கலந்த மேல்தோல் இதிலேயே போய்விடும். நிறமே இல்லை என்று கொண்டுவந்த பேட்ஜ்களில் பாதிக்கு மேல் நிறம் அடியில் பத்திரமாக இருந்தது. கழுவி, காயவைத்து, ஒரு நாள் சும்மா பாருங்கள். மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம் என்று தோன்றினால் அதுவே சரியான முடிவு.

புளி போட்டுத் தேய்க்கலாமா? பித்தளைதானே?

குத்துவிளக்குக்குச் சரி. பேட்ஜுக்கு வேண்டாம். புளி, எலுமிச்சை இரண்டின் அமிலமும் பெயின்ட்டின் ஓரத்தில் தெரியும் பித்தளையைத் தின்று, அப்படியே பெயின்ட்டுக்கு அடியில் நுழையும். அன்றைக்குப் பளபள. இரண்டு மாதம் கழித்து ஓரத்திலிருந்து நிறம் செதில் செதிலாக எழும்பும். ஊறவிட்டால் பித்தளையே திட்டுத்திட்டாகச் செம்பு நிறமாகிவிடும். கடையில் விற்கும் பித்தளை பாலிஷ்களில் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அழுத்தி வளைத்த மெல்லிய பித்தளைத் தகட்டை அம்மோனியா நாளடைவில் வெடிக்க வைக்கும். தவிர, பாலிஷில் இருக்கும் நுண்ணிய பொடி எழுத்துக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும், எடுக்கவே முடியாது.

அலுமினியத் தகடு என்றால் சோடா உப்பு, சுண்ணாம்பு போன்ற காரங்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. கறுத்துவிடும்.

மேட்டில் இருக்கும் உலோகம் மின்ன வேண்டும் என்றால், மெல்லிய பருத்தித் துணியை விரலில் இறுக்கிச் சுற்றி, கார் பாலிஷ் துளி தொட்டு, மேடான இடத்தை மட்டும் தேய்க்கலாம். துணி தொளதொளவென்று இருந்தால் பள்ளத்துக்குள் இறங்கி நிறத்தையும் தேய்க்கும்.

பேட்ஜ் மேலேயே யாரோ கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். போச்சா?

போகவில்லை. நம் ஊர்ச் சைக்கிள்களில் இதுதான் முக்கால்வாசிக் கதை. பழைய சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கும்போது பேட்ஜைக் கழற்றவோ மறைக்கவோ யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. பிரஷ்ஷை அப்படியே இழுத்துவிட்டார்கள். ஒரு வகையில் அது நல்லதும்கூட. அடியில் இருக்கும் நிறத்துக்கு வெயில் படவில்லையே.

மேலே உள்ளது பிரஷ் பெயின்ட், அடியில் உள்ளது சுட்ட பெயின்ட், நடுவில் யாரும் துடைக்காத எண்ணெய் அழுக்கு. அதனால் மேல்தோல் சரியாக ஒட்டியிருக்காது. வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் பேட்ஜ் மேல் போட்டு வையுங்கள். கை தாங்கும் சூடு போதும், கொதிநீர் வேண்டாம். பிறகு மூங்கில் குச்சியின் முனையைத் தட்டையாகச் சீவி, ஓரத்திலிருந்து நெம்புங்கள். பல்குத்தும் குச்சியும் உதவும். பிளேடு, ஸ்க்ரூடிரைவர், இரும்புக் கம்பிப் பிரஷ் மூன்றுக்கும் தடை. ஒரு மாலைக்கு ஒரு சதுர அங்குலம் வந்தாலே நல்ல வேகம். அடம் பிடிக்கும் இடத்தில் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு வைத்தால் மேல் பெயின்ட் கொஞ்சம் இளகும். மொபைல் ரிப்பேர் கடையில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். பட்ஸில் பேட்ஜின் சொந்த நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள்.

பெயின்ட் ரிமூவரும், என்.சி. தின்னர் என்கிற கடுமையான கரைப்பானும் கூடவே கூடாது. இது பட்டு அறிந்த பாடம். என் இரண்டாவது பேட்ஜில் சீக்கிரம் முடிக்கலாம் என்று தின்னரைத் தொட்டேன். மேலே இருந்த கறுப்பு வருவதற்கு முன் அடியிலிருந்த சிவப்பு வந்துவிட்டது. பத்து விநாடி இருக்கும். அந்தப் பேட்ஜின் சொந்தக்காரர் ரொம்ப நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கழற்றித்தான் செய்ய வேண்டுமா?

சைக்கிளுக்கே புதுப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கழற்றுங்கள். இல்லையென்றால் இருக்கும் இடத்திலேயே விடுங்கள். பேட்ஜ் கிழிவது அதைக் கழற்றும்போதுதான்.

பெரும்பாலானவை மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பொடி ரிவெட்டில் நிற்கும். சிலவற்றில் சின்னத் திருகாணி. தகட்டுக்கு அடியில் கத்தியை விட்டு நெம்பினால் ரிவெட் வராது, தகடு மடங்கும். அந்த மடிப்புக் கோடு பிறகு மறையவே மறையாது. ரிவெட்டின் தலையை மட்டும் நுண்ணிய அரத்தால் தேய்த்துத் தள்ளுங்கள். தலை போனதும் தகடு தானாகக் கையில் வரும். மிச்சத் தண்டை உள்ளே தட்டிவிட்டால் குழாய்க்குள் விழும். ஃபோர்க்கைக் கழற்றி அதை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்தால் அது கீழ்க் கப்பில் இறங்கி, பால்ரஸ் நடுவே புகுந்து, ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கரகரக்கும்.

திரும்ப மாட்டும்போது இன்னொரு சங்கதி. அந்தக் குழாய்க்குள் ஃபோர்க்கின் தண்டு சுற்றுகிறது. நீளமான ஸ்க்ரூ போட்டால் அதன் முனை தண்டை உரசும். நூல் இரண்டு சுற்றுப் பிடித்தால் போதும், அதற்கு மேல் நீளம் வேண்டாம்.

கழற்றிய தகட்டை நிமிர்த்தித் தட்டையாக்காதீர்கள். அதே வளைவுள்ள பிவிசி குழாய்த் துண்டின் மேல் வைத்து வேலை செய்யுங்கள். சப்பாத்திக் கட்டையும் பொருந்தும். வீட்டில் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

எந்தப் பெயின்ட் வாங்குவது?

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்தெடிக் எனாமலில் ஆகச் சிறிய டப்பா. பெயரில்தான் எனாமல், மேலே சொன்ன கண்ணாடி எனாமல் அல்ல, பெயின்ட்தான். கிளாஸ் (gloss), அதாவது பளபளப்பு வகை என்று பார்த்து வாங்குங்கள். மாடல் விமானங்களுக்கு அடிக்கும் குட்டி டப்பா எனாமல் கிடைத்தால் இன்னும் நல்லது, அதன் நிறத்துகள் நுண்ணியது. கலக்க டர்பன்டைன். தின்னர் என்று கேட்டால் கடைக்காரர் என்.சி. தின்னரைக் கொடுத்துவிடலாம், வாசனை பிடித்துப் பார்த்து வாங்குங்கள். நகப்பூச்சு வேண்டாம். அதன் கரைப்பான் பக்கத்திலிருக்கும் பழைய நிறத்தையும் கரைக்கும். துணிக்கு அடிக்கும் அக்ரிலிக் உலோகத்தில் நிற்காது.

பள்ளத்துக்குள் மட்டும் நிறம் இறங்குவது எப்படி? என் கை நடுங்கும்.

நடுங்கட்டும். இது வரைவது அல்ல, ஊற்றுவது. பிரஷ்ஷால் பூசினால்தான் கை நேராக இருக்க வேண்டும்.

முதலில் பள்ளத்தை ஐபிஏ தொட்ட பட்ஸால் ஒரு முறை துடைத்து எண்ணெய்ப் பசையை எடுங்கள். பழைய நிறம் மிச்சமிருக்கும் இடத்தில் தொட்டும் தொடாமலும். பெயின்ட்டை டப்பாவின் அடிவரை நன்றாகக் கிளறி, ஒரு மூடியில் நான்கு சொட்டு எடுத்து, டர்பன்டைன் கலந்து நல்லெண்ணெய்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தையல் ஊசியின் காதுப் பக்கத்தைப் பென்சில் ரப்பரில் குத்தினால் நல்ல கைப்பிடி. முனையில் ஒரு சொட்டைத் தூக்கி, பள்ளத்தின் நடுவில் தொடுங்கள். மூலைக்கு நீங்கள் தள்ள வேண்டாம், பெயின்ட் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி மூலையில் போய் நிற்கும். போதவில்லையென்றால் இன்னொரு சொட்டு. காய்ந்தால் கொஞ்சம் சுருங்கும் என்பதால் மறுநாள் இரண்டாவது முறை விட வேண்டியிருக்கும். ஒரே நாளில் நிரப்ப ஆசைப்பட்டால் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரமாகி, சுருக்கம் விழும்.

மேட்டில் வழிந்தால் பதறித் துடைக்க வேண்டாம். ஈரத்தில் துடைத்தால் பள்ளத்திலிருந்தும் இழுத்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். விசிட்டிங் கார்டு ஒன்றைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றி, டர்பன்டைன் பட்டும் படாமலும் தொட்டு, மேட்டின் மேல் ஒரே இழுப்பு. துணியை நகர்த்தி, சுத்தமான இடத்தால் அடுத்த இழுப்பு. அட்டை விறைப்பாக இருப்பதால் துணி பள்ளத்தில் இறங்காது.

பொடி எழுத்துகளுக்கு ஊசிகூடப் பெரியது. அங்கே இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: வரி முழுவதும் பெயின்ட்டைத் தாராளமாகப் பூசி, பாதி காய்ந்ததும் எழுத்தின் குறுக்கே அட்டையை இழுங்கள். எழுத்தின் நீளவாக்கில் இழுத்தால் பெயின்ட் வெளியே வந்துவிடும். இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் வெளிர் நிறம் முதலில், ஒரு நாள் விட்டு அடர் நிறம்.

சைக்கிளிலேயே வைத்துச் செய்கிறவர்கள் கவனிக்க: பேட்ஜ் செங்குத்தாக நின்றால் பெயின்ட் கீழே வழிந்து பள்ளத்தின் அடியில் தொப்பை போடும். முன்சக்கரத்தைத் தூக்கி, சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, ஜன்னல் கம்பியில் கட்டிவிடுங்கள். பேட்ஜ் விட்டத்தைப் பார்க்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் விசாரிப்பார்கள், பரவாயில்லை.

முடிந்ததும் தூசி விழாமல் மூடி வையுங்கள். கழற்றிய பேட்ஜ் என்றால் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்தால் போதும். தொட்டால் ஒட்டாமல் இருப்பது ஒரு நாளில் வரும். நகம் பதியாத கெட்டி வர ஒரு வாரம் ஆகும்.

நிறத்தை எப்படிப் பொருத்துவது?

வெயில் படாத இடத்தைத் தேடுங்கள். ரிவெட் தலைக்கு அடியில், விளிம்பின் மடிப்பில், முன் விளக்கின் பிராக்கெட் மறைத்த பகுதியில் அசல் நிறம் இருக்கும். மற்ற நிறங்களை விடச் சிவப்புதான் பெரும்பாலும் முதலில் வெளுக்கும். வெள்ளை என்று இருப்பது பழைய வார்னிஷால் மஞ்சளடித்து சந்தன நிறமாகத் தெரியும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: புதிதாக இருந்தபோது இருந்த நிறமா, இன்று பக்கத்தில் இருக்கும் வெளுத்த நிறமா? பாதிக்கு மேல் பழைய நிறம் நிற்கிறது என்றால் நான் வெளுத்த நிறத்துக்குத்தான் கலப்பேன். சிவப்பில் ஒரு பொட்டு பழுப்பு, சில சமயம் இன்னும் கொஞ்சம் கறுப்பு. ஈரத்தில் ஒப்பிடாதீர்கள். ஒரு டின் தகட்டில் தொட்டு, காயவிட்டு, காலை வெளிச்சத்தில் பாருங்கள். எல்இடி விளக்கில் பொருந்திய சிவப்பு வாசலுக்கு வந்ததும் வேறு சிவப்பாகிவிடும்.

தங்க நிறத்துக்கு கோல்டு பெயின்ட் அடிக்கலாமா?

வேண்டாம். அடியில் பித்தளை இருந்தால் அதுதான் தங்கம். கோல்டு பெயின்ட்டில் இருப்பது பித்தளைப் பொடி, கொஞ்ச நாளில் மங்கிப் பழுப்பாகும்.

மேலே வார்னிஷ் வேண்டாமா?

நான் அடிப்பதில்லை. எனாமல் முழுதாகக் கெட்டியாகும் முன் ஸ்ப்ரே லாக்கர் (lacquer, சீக்கிரம் காயும் மேற்பூச்சு) அடித்தால், அதன் கரைப்பான் எனாமலைத் தூக்கி ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருக்கிவிடும். லாக்கர் மேல் எனாமல் நிற்கும், எனாமல் மேல் லாக்கர் நிற்காது. இரண்டு வாரம் கழித்து கார் மெழுகு மெல்லிசாக ஒரு கை தேய்த்தால் பித்தளை சீக்கிரம் கறுக்காது, தேவையென்றால் எடுத்துவிடவும் முடியும்.

பெயின்ட்டுக்கு மேல் வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி வந்துவிட்டது. ஏன்?

ஐப்பசியில் வேலை செய்தீர்களா? கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகம் என்றால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். சீக்கிரம் ஆவியாகும் லாக்கரில் இது ரொம்ப அதிகம், எனாமலில் குறைவு. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல் வேலை செய்யுங்கள். மழைக்காலத்தில் கழுவுவதோடு நிறுத்துங்கள்.

பழைய பெயின்ட்டில் விஷம் இருக்குமா?

ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொடி பறக்கவிடாதீர்கள். எதைச் செய்தாலும் ஈரத்தில் செய்யுங்கள். கீழே பேப்பர் விரித்து, செதில்களை அதிலேயே மடித்து அப்புறப்படுத்துங்கள். சமையலறை வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். சப்பாத்திக் கட்டையை எடுத்திருந்தால் அது இனி பட்டறைக்குத்தான் சொந்தம்.

இவ்வளவு பாடு எதற்கு? புது பேட்ஜ் விற்கிறார்களே?

விற்கிறார்கள். தகடு மெல்லிசு, மேடு பள்ளம் மழுங்கல், சிலதில் எழுத்து வெறும் அச்சு. சைக்கிளில் பேட்ஜே இல்லையென்றால் வாங்கி மாட்டுங்கள், தப்பில்லை. அசல் கையில் இருக்கும்போது அதை எடுத்துவிட்டு நகலை வைப்பது எனக்குப் புரியவே இல்லை.

விற்கும்போது விலை குறையுமா?

பழைய சாமான் சேகரிப்பவர்கள் பாதி உரிந்த அசல் பெயின்ட்டுக்குத் தருகிற மரியாதையைப் பளபளக்கும் புதுப் பெயின்ட்டுக்குத் தருவதில்லை. முழுவதும் திரும்பப் பூசினால் குறையலாம். போன இடத்தில் மட்டும் தொட்டிருந்தால் பெரிதாகப் பாதிக்காது. எதைத் தொட்டீர்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். முன்பு எடுத்த போட்டோவைக் காட்டினால் போதும்.

தையல் மெஷின், மீன் பிடிக்கும் பழைய ரீல் இவற்றின் பேட்ஜுக்கும் இதே முறைதானா?

நிரப்பும் முறை இதேதான். அடியில் இருக்கும் பொருளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரீல்கள் சிலவற்றின் பக்கத் தகடு எபோனைட், அதாவது கெட்டியாக்கிய ரப்பர். வெந்நீர் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பாகிவிடும், அதனால் ஆறிய தண்ணீர் மட்டும். ஸ்வீடனின் ஸ்வெங்ஸ்தாவில் செய்த ஆபு அம்பாசடர் போன்றவற்றில் பக்கத் தகடு நிறமேற்றிய அலுமினியம். எழுத்தில் வழிந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தால் தகட்டின் நிறமும் சேர்ந்து போகும். அட்டையும் துணியும்தான். தையல் மெஷினின் உடம்பில் இருக்கும் தங்கக் கோலம் வேறு விஷயம், அது ஒட்டுப்படம். ஆல்கஹால் பட்டால் அதன் மேல் வார்னிஷ் போய்விடும்.

ஆயுத பூஜைக்குப் பேட்ஜில் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?

வைக்காமல் இருக்க முடியுமா? ஆனால் பேட்ஜைக் கெடுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. அப்பாவின் ராலேயில் எழுத்துகளுக்குள் கெட்டிப்பட்டு இருந்ததைத் துருவென்று நினைத்துக் குச்சியால் எடுத்தேன். பல வருடச் சந்தனம். ஈரச் சந்தனம் காயும்போது இறுகி, பெயின்ட்டின் தளர்ந்த ஓரத்தைப் பிடித்து இழுக்கும். குங்குமமும் மஞ்சளும் வெளிர் நிறங்களில் கறை ஏற்றும். ஹேண்டில்பாரிலோ மட்காட்டிலோ வைத்தால் ஒரு தொல்லையும் இல்லை. அம்மாவிடம் இதை விளக்கிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், அப்புறம் நாரையின் நெற்றியில் சரியாகப் பார்த்து ஒரு பொட்டு வைத்தார். விஜயதசமி முடிந்த மறுநாள் காலை ஈரப் பஞ்சோடு நான் போய்த் துடைத்துவிடுகிறேன்.